வெறும் குழாயிலிருந்து பட்டுத்துணி: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மேடை மேஜிக் கருவிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தக் கலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு செய்திகள் தவறாக வந்திருக்கின்றன. வெறும் பெட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் பொருள் எடுக்கிற கருவிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இரட்டைத் தளம் உண்டு என்பது ஒன்று. கருவியை வாங்கிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. இவற்றை மேடையில் கையாள்பவர்களும் செய்து கொடுப்பவர்களுமாகச் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

ரகசியத்தை வெளியிட்டதாக உங்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. இந்த வகைக் கருவிகளின் அமைப்பு நெடுங்காலமாக நூல்களில் அச்சாகி வருகிறது; ஆர்வமுள்ள எவரும் படித்துக்கொள்ளலாம். எங்கள் கவலை வேறு. கட்டுரையை நம்பிக் கருவி வாங்கி ஒருவர் செய்து பார்த்தால், அது வேலை செய்யாது. ஏன் செய்யவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

இரட்டைத் தளப் பெட்டி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த வகையிலேயே எளிதில் பிடிபடுவது அதுதான். வெளியே 20 செ.மீ. உயரம் தெரிகிற பெட்டிக்குள் 14 செ.மீ. ஆழம்தான் இருந்தால், முன்வரிசைச் சிறுவன்கூட அளந்துவிடுவான். அதனால் நல்ல மேடைக் கருவிகள் மறைவிடத்தை அடியில் ஒளிப்பதில்லை. பார்வையாளர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே அதை வைக்கின்றன.

உங்கள் படத்தில் இருந்த ஸ்கொயர் சர்க்கிளையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று பாகங்கள்: முன்பக்கம் துளைவேலை செய்த சதுரக் கூடு, அதனுள் நிற்கும் வண்ணக் குழாய், வண்ணக் குழாய்க்குள் நிற்கும் கறுப்புக் குழாய். துணிகள் இருப்பது கடைசியில் சொன்ன கறுப்புக் குழாயில். வண்ணக் குழாயை மேலே உருவி வெறுமையாகக் காட்டும்போது, சதுரக் கூட்டின் துளைகள் வழியே கறுப்பு மட்டும் தெரியும். அதைக் காலியான கூட்டின் உட்புறம் என்று கண் எடுத்துக்கொள்கிறது. வண்ணக் குழாயைத் திரும்ப இறக்கியதும் அது கறுப்புக் குழாயை மூடிக்கொள்ளும். இப்போது சதுரக் கூட்டைத் தாராளமாகத் தூக்கிக் காட்டலாம். ஒவ்வொன்றையும் காட்டியாயிற்று, இரண்டும் காலி. அடியில் எந்தத் தளமும் இல்லை.

இது தோற்பது பெரும்பாலும் வண்ணப்பூச்சால்தான். கறுப்புக் குழாய்க்குப் பளபளப்புப் பெயின்ட் அடித்தால், வளைந்த பரப்பில் விளக்கொளி பட்டு மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு விழும். சமதளச் சுவரில் அப்படிப்பட்ட கோடு வராது என்பதால் உருளை ஒன்று உள்ளே நிற்பது உடனே தெரிந்துவிடும். பளபளப்பற்ற கறுப்புப் பூச்சு பரவாயில்லை. வெல்வெட் ஒட்டுவதே சிறந்தது. கூட்டின் உட்சுவர், கறுப்புக் குழாயின் வெளிப்புறம் இரண்டுக்கும் ஒரே துணியிலிருந்து வெட்ட வேண்டும், ஏனென்றால் கறுப்பிலும் பல சாயல்கள் உண்டு. வெல்வெட்டில் ஒட்டிய ஒரு வெள்ளை நூல் பத்தாவது வரிசைக்கும் தெரியும், ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்துத் தூசி நீக்குவது கட்டாயம். விளக்கு மேலிருந்து வரலாம்; கூட்டின் உயரத்துக்கு நேராக முன்பக்கத்திலிருந்து வரக் கூடாது. மாடி இருக்கை உள்ள அரங்கில் இந்தக் கருவியையே தவிர்த்துவிடுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்குக் குழாய்க்குள் குழாய் வட்டம் வட்டமாகத் தெரியும்.

பேன்டம் டியூப் என்கிற குழாயின் கணக்கு இன்னும் அழகானது. வெளிக்குழாய் நேரானது. உள்ளே ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் குறுகலாகவும் இன்னொரு குழாய். அகலமான முனையில் இரண்டின் விளிம்பும் ஒன்றாகப் பொருந்தியிருக்கும். குறுகிய முனையைச் சுற்றி ஓர் இடைவெளி இருக்கும். 25 செ.மீ. நீளமும் 10 செ.மீ. விட்டமும் உள்ள குழாயில் உட்குழாய் 7 செ.மீ. வரை குறுகினால், மறைந்திருக்கும் இடம் ஏறத்தாழ 530 கன செ.மீ. மொத்தக் கொள்ளளவில் இது கால் பங்குக்கும் சற்று அதிகம். இவ்வளவு இடத்தைத் திருடியும் குழாய் ஏன் நேராகத் தெரிகிறது? நேரான குழாய் எதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாலும் மறு முனை சிறியதாகவே தெரியும். 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால், 25 செ.மீ. நீளக் குழாயின் 10 செ.மீ. மறு முனை, முன் விளிம்போடு ஒப்பிட்டால் 7 செ.மீ. அளவுக்குத்தான் தெரியும். நம் கண்ணுக்குப் பழகிய சுருக்கமே அது. கருவி செய்தவர் அந்தச் சுருக்கத்தைத் தகரத்திலேயே செய்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே அகலமான முனைதான் எப்போதும் மக்களை நோக்கி இருக்க வேண்டும். குறுகிய முனையைத் திருப்பிக் காட்டினால் அந்த நொடியே எல்லாம் முடிந்தது. வெளிப்பக்கம் மட்டும் பார்த்தால் இரு முனைகளும் ஒன்றுபோலத் தெரிவதால், வெளிப்பக்கத்தில் கைவிரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சிறு புள்ளியோ கீறலோ வைத்துக்கொள்வது நல்லது. உட்புறம் பளபளத்தால் சரிவு தெரிந்துவிடும், அதற்கும் பளபளப்பற்ற கறுப்புதான். இன்னொன்று: உலோகம் வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும். புதுக் குழாயை அப்படியே பயன்படுத்தினால் முதல் துணியிலேயே நூல் இழுபடும். 400 எண் உப்புத்தாளால் விளிம்பை வழித்து, மெல்லிய பட்டுத்துணி ஒன்றைச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்காத பிறகே மேடை.

கண்ணாடி வைத்த கருவிகள் தனி இனம். 1865-ல் லண்டன் எகிப்தியன் ஹால் அரங்கில் கர்னல் ஸ்டோடேர் என்ற மேஜிக் கலைஞர் காட்டிய ‘ஸ்பிங்ஸ்’ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு: மூன்று கால் மேசை, மேலே ஒரு சிறு பெட்டி, பெட்டிக்குள் கண் திறந்து பேசும் தலை. மேசைக் கால்களுக்கு இடையே தாமஸ் டோபின் அமைத்த கண்ணாடிகள் பக்கத் திரைகளைப் பிரதிபலித்தன. மக்கள் அதைப் பின்திரை என்று நினைத்தார்கள். மேசைக்கு அடியில் வெற்றிடம் தெரிந்தது. ஆள் அங்கேதான் இருந்தார். இன்றைய சிறிய கண்ணாடிப் பெட்டிகளும் இதே முறைதான். இரண்டு கண்ணாடிகள் முன்பக்கம் ஒன்றுசேர்ந்து செங்கோணமாக நிற்கும், சேரும் விளிம்பை ஒரு தூணோ அலங்காரப் பட்டையோ மறைக்கும். பக்கச் சுவர்களும் பின்சுவரும் நிறத்திலும் வேலைப்பாட்டிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கண்ணாடிக்குப் பதில் மலிவான அக்ரிலிக் தகடு பொருத்திய பெட்டிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அக்ரிலிக் நாளடைவில் வளையும், சுவரின் நேர்கோடுகள் நெளிந்து தெரியும். பெட்டிக்குள் காலி என்று காட்டக் கையை நீட்டுவதும் தவறு, கையின் பிம்பம் இரண்டாவது கையாகத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் எளிமையான இரட்டைக் குழாயைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. சற்றே அளவு வேறுபட்ட இரண்டு நேரான குழாய்கள், இரண்டிலும் எந்த மறைவிடமும் இல்லை. பெரிய குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஒரு கம்பிக் கொக்கியில் துணிப் பொதி உள்ளே தொங்குகிறது. சிறிய குழாயை முதலில் காட்டிவிட்டு, பெரியதன் அடியில் நுழைத்து மேல் வழியே வெளியே எடுக்கும்போது, அதன் விளிம்பு கொக்கியை ஏந்திக்கொண்டு போய்விடும். இப்போது பெரிய குழாயைக் காட்டலாம். இங்கே எதிரி ஓசை. கம்பி தகரத்தில் ‘டக்’ என்று தட்டினால் மக்கள் தலை நிமிரும். கொக்கிக்கு மெல்லிய ரப்பர் உறை போட வேண்டும். பொதி குழாயின் சுவரில் இடிக்காதபடி சுற்றிலும் ஒரு செ.மீ. இடமாவது விட வேண்டும்.

தண்ணீருக்கும் இரட்டைத் தளம் கிடையாது. வங்காள மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் (1913–1971) தன் காட்சியின் நடுநடுவே வந்து கவிழ்த்துக் காட்டிய ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ வகைச் செம்புக்கு இருப்பது இரட்டைச் சுவர். இரண்டு சுவர்களுக்கு இடையில் நீர், அடியில் உட்பக்கம் ஒரு துளை, கழுத்தருகே ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை. காற்றுத் துளையை விரலால் அடைத்தால் இடைநீர் அசையாது. விரலை எடுத்தால் இரு பக்கமும் மட்டம் சமமாகும் வரை உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் மட்டம் இறங்குவதால் வரும் நீரும் குறையும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் எத்தனை முறை ஊற்றுவது என்று தீர்மானிக்க வேண்டும். செம்பைத் துலக்கும் பொடி காற்றுத் துளையில் அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வராது. துலக்கிய பிறகு ஊசியால் குத்திப் பார்ப்பதை மறக்கக் கூடாது.

இனி, கருவியே பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கியம். கருவி பார்த்துக்கொள்வது ‘காலி’ என்று காட்டுவதை மட்டும்தான். துணி எப்படி வெளியே வருகிறது, எவ்வளவு வருகிறது, வந்ததும் விரிகிறதா சுருண்டு தொங்குகிறதா என்பதெல்லாம் உள்ளே வைத்தவரின் விரல்களில் இருக்கிறது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கருவியோடு வரும் குறிப்புத் தாள்களிலும் பெரும்பாலும் இருப்பதில்லை.

முதலில் துணி. ‘சில்க்’ என்று விற்கப்படுவதில் பலவும் பாலியெஸ்டர். பட்டு இழை அழுத்தத்தில் சுருங்கி, விட்டதும் தானே விரியும். பாலியெஸ்டர் அழுத்தியபடியே கிடக்கும், வறண்ட காற்றில் நிலைமின்னேற்றத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டின் கனத்தை மொம்மி என்ற அளவால் சொல்வார்கள்: 1 மொம்மி என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிராம். மேஜிக்குக்கு ஏற்றது 5 மொம்மி. அந்தக் கனத்தில் 18 அங்குலச் சதுரத் துணியின் எடை சுமார் நாலரை கிராம்தான். ஓரத்தைக் கையால் சுருட்டித் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்; தடித்த இயந்திரத் தையல் மடிப்பில் இடத்தை அடைக்கும், துணி விழும் அழகையும் கெடுக்கும்.

அளவில் பலரும் ஏமாறுவது இங்கேதான். 36 அங்குலத் துணி 18 அங்குலத் துணியைப் போல இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். பரப்பு 324 சதுர அங்குலத்திலிருந்து 1,296-க்குப் போகிறது. பிடிக்கும் இடம் நான்கு மடங்கு. 12 அங்குலத் துணியை அடக்குகிற தம்ப் டிப்பில் (கட்டைவிரலில் மாட்டும் போலி விரல் உறை) 18 அங்குலத் துணியைத் திணிப்பவர்களும் இதே கணக்கைத்தான் மறக்கிறார்கள். நன்றாக மடித்த 5 மொம்மிப் பட்டில் 18 அங்குலத் துணி ஒன்றுக்கு 20 கன செ.மீ. என்று வைத்துக்கொண்டால் திட்டமிடச் சுலபம். மேலே சொன்ன பேன்டம் டியூபில் அப்படி இருபத்தைந்து வரை அடங்கும். ஆனால் இருபதோடு நிறுத்துங்கள். இறுக்கி அடைத்த குழாயில் முதல் துணியை இழுத்தால் பல துணிகள் சேர்ந்து ஒரே உருண்டையாக வரும்.

மடிக்கும் முறை இது. இஸ்திரி போட்ட துணியை மேசையில் விரித்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை 2.5 செ.மீ. அகலத்தில் விசிறி மடிப்பாக முன்னும் பின்னும் மடியுங்கள். கிடைக்கும் நீண்ட பட்டையை 5 செ.மீ. நீளத்தில் மறுபடியும் முன்பின்னாக மடித்து ஒரு சிறு பொட்டலமாக்குங்கள். பட்டையின் முனை மூன்று செ.மீ. வெளியே நீண்டிருக்கட்டும், விரல் பிடிப்பது அதைத்தான். மூலைவிட்டமாக மடிப்பதற்குக் காரணம் உண்டு. 18 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ இருபத்தைந்தரை அங்குலம், இழுக்கும்போது துணி அந்த நீளத்துக்கும் வரும். சுருட்டவே கூடாது. சுருட்டிய துணி கயிறாகத்தான் வெளியே வரும். துணிகள் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டுமானால், அடுத்த துணியின் முனையை முந்தியதன் கடைசி மடிப்புக்குள் ஐந்து செ.மீ. செருகிவிடுங்கள், பெட்டியிலிருந்து காகிதக் கைக்குட்டை வருவதைப் போல ஒன்று அடுத்ததன் முனையை மேலே கொண்டுவந்து கொடுக்கும். முடிச்சுப் போடுவது வேறு விளைவு. அது மாலையாக வரும், தனித்தனியாக வராது.

கடைசியில் வர வேண்டியது முதலில் உள்ளே போக வேண்டும். சொல்ல எளிது, அவசரத்தில் மாறிப்போவது இதுதான். பெரிய 36 அங்குலத் துணியை அடியில் வையுங்கள். அது வெளியே வந்து விரியும்போது உங்கள் உடலில் பாதியை மறைக்கும், அந்த மறைவில்தான் நாற்காலியின் பின்னால் ஆணியில் தொங்குகிற அடுத்த பொதியை எடுக்க முடியும். பொதியை மெல்லிய டிஷ்யூ காகிதப் பட்டையால் கட்டி, கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கறுப்பு நூல் வளையம் ஒன்றை அதில் விடுங்கள். காகிதம் ஓர் அழுத்தில் கிழிய வேண்டும். ரப்பர் பேண்டு போட்டால் அது தெறித்து மேடையில் விழும். துணிகளைக் காட்சிக்கு அரை மணி நேரம் முன்புதான் அடைக்க வேண்டும். முந்தின இரவே அடைத்து வைத்தால் மடிப்புத் தழும்பு விழுந்து, துணி விரியாமல் விசிறியாகவே தொங்கும். காட்சி முடிந்ததும் பிரித்துத் தொங்கவிடுங்கள்.

துணி மட்டும் எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் வியப்பு ஏறாது. பட்டு சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுருங்காத ஒன்று வர வேண்டும்: ஒரு பந்து, ஒரு கடிகாரம், நீர் நிரம்பிய ஒரு கோப்பை. 1845-ல் பாரிஸில் தன் அரங்கைத் திறந்த மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹூடின் இதை நன்றாக அறிந்திருந்தார். ஓவியர்கள் வைத்திருக்கும் தட்டையான படத் தொகுப்பு அட்டை ஒன்றிலிருந்து பெண்களின் தொப்பிகள், செம்புப் பாத்திரங்கள், பறவைக் கூண்டு என்று எடுத்து, இறுதியில் தன் மகனையே எழுப்பிக் காட்டினார். சுருக்கி வைக்கக்கூடிய பொருள்களைச் சுருங்கவே முடியாதவை என்று நம்பவைக்கும் வேலை அதில் இருக்கிறது. பிரெஞ்சு மேஜிக் கலைஞர் புவாட்டியே டி கோல்டா காகிதக் கூம்பிலிருந்து கொட்டிய வில் பூக்களும் அப்படியே: ஒவ்வொரு பூவுக்குள்ளும் மெல்லிய எஃகு வில், அழுத்தினால் தட்டையான காகிதம், விட்டால் பூ. இந்தப் பூக்களைத் துணிகளுக்கு மேல் வைக்காதீர்கள். வில்கள் துணியை அழுத்தும், பூவின் ஓரம் பட்டில் கொக்கி போடும். பூவுக்குத் தனிப் பொதி.

மூன்றாவதாக ஒன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் ஏற்ற பரிசு’ என்று கட்டுரை பட்டியலிட்டவற்றில் டவ் பேன் என்ற மூடியுள்ள பாத்திரமும் இருக்கிறது, திடீரென்று நீளும் கேன் என்ற கைத்தடியும் இருக்கிறது. இரண்டையும் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது.

டவ் பேனின் மூடிக்குள் இன்னொரு கிண்ணம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். மூடியதும் அது கீழ்ப் பாத்திரத்தில் பொருந்தி, மூடியை எடுக்கும்போது அங்கேயே தங்கிவிடும். கிண்ணத்தின் பிடிப்பு மூடியில் குறைவாகவும் பாத்திரத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ சிறு நெளிவோ இருந்தால் கிண்ணம் மூடியோடு திரும்பி வந்துவிடும், பாத்திரம் காலியாகவே இருக்கும். மூடியைக் கால் சுற்று திருப்பி எடுப்பது இதற்கு நல்ல பழக்கம். தீ வைத்து மூடும் முறையில், மூடியதும் காற்று தடைபட்டுத் தீ அணையும், ஆனால் கிண்ணத்தின் அடி சூடாகியிருக்கும். பட்டும் காகிதப் பூவும் அதில் கருகும். சில சொட்டு எரிபொருள், சில நொடித் தீ, அதற்கு மேல் வேண்டாம். சூடான பாத்திரத்தில் இரண்டாம் முறை எரிபொருள் ஊற்றவே கூடாது, ஆவி பற்றிக்கொண்டு கையிலுள்ள புட்டிக்கே தீ ஏறும். உயிருள்ள பறவையை இந்தச் சூட்டிலும் காற்றில்லா இடத்திலும் அடைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். துணியும் பூவும் போதும்.

நீளும் கேன் என்பது சுருட்டிய எஃகுத் தகடு. உள்ளங்கை அகலத்துக்குள் அழுத்தி, ஒரு சிறு பிடியால் பூட்டியிருப்பார்கள். பூட்டு விடுபட்ட கணத்தில் மூன்று அடி நீளத்துக்குப் பாயும். அதன் பாதையில் கண் இருந்தால் மீட்க முடியாத காயம் ஏற்படும். தகட்டின் ஓரம் விரலையும் அறுக்கும். பெரியவர்களும் அதை அழுத்தி மூடும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, இரு முனைகளும் ஆளில்லாத திசையைப் பார்க்கும்படி வைத்துத்தான் மூடுவார்கள். பூட்டிய நிலையில் பையில் போட்டுக்கொண்டு திரிவதும் ஆபத்து. மேடைக்குப் போகும் முன்புதான் பூட்ட வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: இரட்டைத் தளம் பற்றிய பிழைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால் துணி மடிக்கும் முறையைப் படத்தோடு போடுங்கள், வரைந்து தர நாங்கள் தயார். கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு சிறுமி பூட்டிய கேனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து உடனே நீக்கிவிடுங்கள். பரிசுப் பட்டியலிலிருந்தும் கேனை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேடை மேஜிக் கலைஞர்களும் கருவி செய்வோரும்